செரிமானம் கற்பிக்கும் ஆய்வகப் பெட்டி: குடல்சுவர் வரை சிறப்பு, அதற்கு அப்பால் குறை

உணவு உடலுக்குள் சென்று என்ன ஆகிறது என்பதைக் கற்பிப்பதற்காக விற்கப்படும் எந்தச் சாதனத்தையும் ஒரே கேள்வியைக் கொண்டு மதிப்பிடலாம் என்று கருதுகிறேன். மாவுச்சத்தில் இருந்த ஒரு கார்பன் அணு வாய்க்குள் நுழைந்த பிறகு எந்தெந்த வழியாகச் சென்று, எந்த உருவில், எந்த உறுப்பின் வழியாக உடலை விட்டு வெளியேறுகிறது? செரிமான மண்டலத்தின் படத்தை அழகாக வரைந்து, பாகங்களைப் பிழையின்றிக் குறித்து, முழு மதிப்பெண் பெறும் மாணவர்களிலும் பலர் இதற்கு 'மலத்தின் வழியாக' என்றே விடை எழுதுகிறார்கள். அது சிறுகுடலில் குளுக்கோஸின் பகுதியாகி, இரத்தத்தில் கலந்து, கல்லீரலைக் கடந்து, ஏதோ ஒரு செல்லுக்குள் ஆக்சிஜனோடு சேர்ந்து, கார்பன் டைஆக்சைடாக மூச்சுக்காற்றில் வெளியேறுகிறது என்ற விடை அரிதாகவே கிடைக்கிறது. செரிமானத்தை ஒரு பாடமாகவும் சுவாசத்தை வேறொரு பாடமாகவும் பிரித்து நடத்துவதால் விளையும் குறை இது. இரண்டையும் இணைத்துக் காட்டும் சாதனமே வாங்கத் தகுந்தது.

இடைநிலை, மேல்நிலை வகுப்புகளுக்கென விற்கப்படும் செரிமான ஆய்வகப் பெட்டி ஒன்றை வகுப்பில் நெடுநாள் பயன்படுத்திய பின் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். இத்தகைய பெட்டிகளை வெவ்வேறு நிறுவனங்கள் ஏறத்தாழ ஒரே அமைப்பில் விற்பதால், இங்கே சொல்லப்படுபவற்றில் பெரும்பகுதி பிற பெட்டிகளை வாங்க எண்ணுவோருக்கும் பயன்படும். பெட்டிக்குள் செரிமான மண்டலத்தின் புடைப்பு மாதிரி, சிறுகுடலின் உட்சுவரில் விரல்போல் நீண்டிருக்கும் குடலுறிஞ்சியின் பெரிதாக்கப்பட்ட மாதிரி, உணவுப்பாதையின் நீளத்தைக் காட்டும் வண்ண நாடா, மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ், புரதத்தை உடைக்கும் பெப்சின், கொழுப்பை உடைக்கும் லிப்பேஸ் ஆகிய நொதிகளின் தூள்கள், மாவுச்சத்து, சர்க்கரை, புரதம் ஆகியவற்றை முறையே கண்டறிய உதவும் அயோடின், பெனடிக்ட், பையூரெட் கரைசல்கள், சிறிய மூலக்கூறுகளை மட்டும் கடக்கவிடும் டயாலிசிஸ் சவ்வுக் குழாய், பித்த உப்பு, எளிய கலோரிமானி, சுண்ணாம்புநீர் தயாரிப்பதற்கான தூள், விளக்க அட்டைகள், ஆசிரியர் கையேடு ஆகியவை உள்ளன. திரையில் பார்ப்பதற்கான அசைபடம் ஒன்றும் உடன் வருகிறது. அது பாடநூல் படங்களை நகர்த்திக் காட்டுவதைத் தவிர வேறெதுவும் செய்வதில்லை.

பெட்டியின் மிகச் சிறந்த பகுதி பெப்சின் சோதனை. முட்டையின் வெண்கருவை நீரில் கலந்து, கிளறிக்கொண்டே சூடாக்கினால் கிடைக்கும் பால்போன்ற கலங்கல் நீரை நான்கு சோதனைக்குழாய்களில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்றில் பெப்சின் மட்டும், ஒன்றில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் மட்டும், ஒன்றில் இரண்டும், இன்னொன்றில் கொதிக்கவைத்த பெப்சினும் அமிலமும் சேர்த்து, நான்கையும் 37 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் நிறுத்த வேண்டும். சில நிமிடங்களில் இரண்டும் சேர்ந்த குழாய் மட்டும் கண்ணாடிபோல் தெளிகிறது. இரைப்பையில் உணவை அமிலம் 'எரித்துவிடுகிறது' என்று நம்பி வரும் மாணவர், அமிலம் மட்டும் இருக்கும் குழாய் கலங்கலாகவே நிற்பதைப் பார்த்ததும் அந்த நம்பிக்கையைத் தாமாகவே கைவிடுகிறார். நொதிக்கு அமிலச் சூழல் தேவை என்பதும், கொதிக்கவைத்த நொதி செயலற்றது என்பதும் அதே அமர்வில் விளங்கிவிடுகின்றன. கட்டுப்பாட்டுக் குழாய்கள் ஏன் வேண்டும் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறொரு பள்ளிச் சோதனையை நான் அறியேன்.

இந்தச் சோதனைக்கு முன்னுரையாகக் கையேடு தரும் வரலாற்றுப் பக்கமும் பாராட்டத்தக்கது. 1822ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேக்கினாக் தீவில் துப்பாக்கிக் குண்டுபட்ட அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்பவரின் வயிற்றில் ஆறாத துளை ஒன்று நிலைத்துவிட்டதையும், அவருக்குச் சிகிச்சை அளித்த வில்லியம் போமாண்ட் அந்தத் துளை வழியாக உணவை நூலில் கட்டி உள்ளே விட்டு, அவ்வப்போது வெளியே எடுத்துப் பார்த்ததையும், இரைப்பைநீரை வெளியே எடுத்துக் கண்ணாடிக் குப்பியில் வைத்தாலும் அது உணவைக் கரைப்பதைக் கண்டு 1833இல் நூலாக வெளியிட்டதையும் சுருக்கமாகச் சொல்கிறது. 1836இல் தியோடர் ஷ்வான் பெப்சினைக் கண்டறிந்தது அதைத் தொடர்ந்து வருகிறது. தாம் சோதனைக்குழாயில் செய்யப்போவது ஒரு காலத்தில் உண்மையிலேயே விடை தெரியாமல் இருந்த கேள்வி என்று அறிந்த மாணவர்கள் கூடுதல் கவனத்தோடு செய்கிறார்கள். நோயாளியாக இருந்தவரைச் சோதனைப்பொருளாக வைத்திருந்ததன் அறக்கேள்விகளைப் பற்றியும் கையேடு ஒரு பத்தி சேர்த்திருக்கலாம். உயர்வகுப்பு மாணவர்கள் அதைக் கேட்கத் தவறுவதில்லை.

கொழுப்பின் செரிமானத்தைக் காட்டும் சோதனையும் நன்றாகவே அமைந்திருக்கிறது. பாலோடு சோடியம் கார்பனேட் கரைசலும், காரத்தில் நிறம் காட்டும் பினாப்தலினும் சேர்த்தால் இளஞ்சிவப்பு நிறம் வருகிறது. லிப்பேஸ் சேர்த்ததும், கொழுப்பிலிருந்து விடுபடும் கொழுப்பு அமிலங்கள் காரத்தன்மையைக் குறைத்து அந்த நிறத்தைப் போக்குகின்றன. பித்த உப்பு சேர்த்த குழாயில் நிறம் விரைவாக மறைகிறது. பித்தநீரில் செரிமான நொதி எதுவும் இல்லை, அது கொழுப்பைச் சிறு துளிகளாகப் பிரித்து லிப்பேஸ் செயல்படுவதற்கான பரப்பைப் பெருக்குகிறது என்பதை வாய்ச்சொல்லால் நிலைநாட்டுவது கடினம். நிறம் மறைய எடுக்கும் நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்து எழுதிக்கொண்ட மாணவருக்கு அது எளிதாகப் புரிகிறது.

அமைலேஸ் சோதனையில்தான் முதல் இடறல். பனிக்கட்டி நீர், 37 டிகிரி, 60 டிகிரி, கொதிநிலை என நான்கு வெப்பநிலைகளில் மாவுச்சத்துக் கரைசலுடன் நொதியைச் சேர்த்து, அயோடின் துளிகளின் கருநீலம் எப்போது மறைகிறது என்று பார்க்கும்படி கையேடு சொல்கிறது. 37 டிகிரியில்தான் வினை மிக வேகமாக நடக்கும் என்றும் முன்கூட்டியே அச்சிட்டிருக்கிறது. ஆனால் பெட்டியில் உள்ள தூள் பாக்டீரியாவிலிருந்து பெறப்பட்டது. அத்தகைய அமைலேஸ்களில் பல 60 டிகிரிக்கு மேலும் சுறுசுறுப்பாக இயங்கக்கூடியவை. தொழிற்சாலைகளில் அவை விரும்பப்படுவதே அதற்காகத்தான். ஆகவே மாணவர்களின் குழாய்களில் 60 டிகிரிக் குழாயே முந்துகிறது. நேர்மையாகக் கண்டதை எழுதிய மாணவர் தம் சோதனை தவறிவிட்டதாக எண்ணித் தயங்குகிறார். கையேட்டைப் பார்த்து எழுதிய மாணவர் நிம்மதியாக இருக்கிறார். அறிவியல் வகுப்பில் இதைவிடத் தீங்கான நிலை வேறில்லை. நொதியின் மூலத்தைக் குப்பியின் மேல் தெளிவாக அச்சிட்டு, மனித உமிழ்நீர் நொதியோடு அதை ஒப்பிடும் கேள்வியையும் கையேட்டில் சேர்த்துவிட்டால், இந்தக் குறையே நல்ல பாடமாகிவிடும். பள்ளியின் விதிகள் இடம் கொடுக்குமானால், ஒவ்வொரு மாணவரும் தம் உமிழ்நீரையே தம் குழாயில் மட்டும் பயன்படுத்தி, பின்னர் கிருமிநீக்கம் செய்து கழுவிவைக்கும் முறை இன்னும் பொருத்தமானது.

அடுத்து டயாலிசிஸ் சவ்வுக் குழாய். இது இந்தப் பெட்டியின் இதயம் போன்றது என்று தயாரிப்பாளர்களே கருதியிருப்பது, கையேட்டில் அதற்கு ஒதுக்கியிருக்கும் பக்கங்களிலிருந்து தெரிகிறது. மாவுச்சத்தையும் அமைலேஸையும் குழாய்க்குள் ஊற்றி, இரு முனைகளையும் கட்டி, வெளிப்புறத்தை நன்கு கழுவி, வெதுவெதுப்பான நீர் உள்ள முகவையில் அமிழ்த்த வேண்டும். சிறிது நேரம் கழித்து வெளியில் உள்ள நீரை எடுத்துச் சோதித்தால், அயோடின் நிறம் மாறுவதில்லை. பெனடிக்ட் கரைசலோடு சூடாக்கினால் பச்சை, மஞ்சள், செங்கல் சிவப்பு என்று சர்க்கரையின் அளவுக்கேற்ப நிறம் மாறுகிறது. மாவுச்சத்தின் பெரிய மூலக்கூறு சவ்வைத் தாண்டவில்லை, உடைந்து பிறந்த சிறிய சர்க்கரை தாண்டிவிட்டது. உணவை ஏன் செரிக்க வேண்டும் என்ற அடிப்படைக் கேள்விக்கு இதைவிட நேரடியான விடை இல்லை. வயிற்றுக்குள் இருப்பது இன்னும் உடலுக்குள் வந்துவிடவில்லை, குடல்சுவரைத் தாண்டிய பிறகே அது உடலுக்குள் வருகிறது என்ற கருத்தையும் மாணவர்கள் இங்கேதான் பிடித்துக்கொள்கிறார்கள். சவ்வை முன்கூட்டியே நீரில் ஊறவைக்காவிட்டால் அது விரியாமல் கிழிந்துவிடும் என்ற எச்சரிக்கையைக் கையேடு கடைசிப் பக்கத்தில் போட்டிருக்கிறது. அது முதல் வரியாக இருக்க வேண்டும்.

ஆனால் இந்தச் சோதனையிலிருந்து கையேடு எடுக்கும் முடிவு தவறானது. 'இதே போன்று சிறுகுடலில் சர்க்கரை விரவுதல் முறையில் இரத்தத்தை அடைகிறது' என்று, அதாவது செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத் தானாகப் பரவுகிறது என்று, அது முடிக்கிறது. குடல்சுவர் துளைகள் உள்ள சல்லடையன்று. சவ்வுக் குழாயைத் தாண்டியது பெரும்பாலும் மால்டோஸ், அதாவது இரண்டு குளுக்கோஸ் அலகுகள் இணைந்த சர்க்கரை. உண்மையான குடலில் மால்டோஸ் அப்படியே உள்ளே எடுத்துக்கொள்ளப்படுவதில்லை, குடற்செல்களின் மேற்பரப்பில் உள்ள மால்டேஸ் நொதியால் குளுக்கோஸாக உடைந்த பின்னரே அது உள்ளே செல்கிறது. அந்தக் குளுக்கோஸும் பெரும்பாலும் சோடியம் அயனிகளோடு இணைந்து, கடத்துப் புரதங்கள் வழியாகச் செல்லுக்குள் இழுக்கப்படுகிறது. செல்லிலிருந்து சோடியத்தை இடைவிடாமல் வெளியேற்றி இந்த ஏற்பாட்டை இயக்க ஆற்றல் செலவாகிறது. இந்த இணைப்பை 1960இல் ராபர்ட் கிரேன் முன்மொழிந்தார். வயிற்றுப்போக்கால் நீரிழந்தவருக்கு உப்பும் சர்க்கரையும் சரியான விகிதத்தில் கலந்த கரைசலைக் கொடுத்தால், சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து உள்ளே செல்லும்போது நீரும் தொடர்ந்து செல்கிறது என்பதே அந்த எளிய மருத்துவத்தின் அடிப்படை; அது எண்ணற்ற குழந்தைகளின் உயிரைக் காத்திருக்கிறது. இவ்வளவு வளமான ஒரு செய்தியைச் சொல்லும் வாய்ப்பு கையில் இருந்தும், கையேடு 'விரவுதல்' என்ற ஒரே சொல்லோடு நகர்ந்துவிடுகிறது. இந்தப் பெட்டியை வாங்கும் ஆசிரியர், சவ்வுக் குழாய் எதைக் காட்டுகிறது, எதைக் காட்டவில்லை என்று மாணவர்களையே இரு பத்திகளாக எழுதச் சொல்வது நல்லது. ஒரு மாதிரியின் எல்லையை அறிவதும் இந்தப் பாடத்தின் பகுதியே.

புடைப்பு மாதிரியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பெட்டியின் விலையில் பெரும்பங்கு அதற்காகத்தான் இருக்கும். வண்ணங்கள் சீராக உள்ளன. இரைப்பை திறந்து மூடும்படி இருக்கிறது. கல்லீரலைக் கழற்றினால் அதன் கீழே பித்தப்பையும், இரைப்பைக்குப் பின்னால் கணையமும் தெரிகின்றன. கணைய நாளமும் பித்தநாளமும் முன்சிறுகுடலில் சேரும் இடம் துல்லியமாகச் செதுக்கப்பட்டுள்ளது. உணவு கல்லீரலுக்குள்ளோ கணையத்துக்குள்ளோ போவதில்லை, அவற்றின் சுரப்புகள்தாம் உணவைத் தேடி வருகின்றன என்பதை அந்த இடத்தில் விரல் வைத்துக் காட்டலாம். சிறுகுடல் ஒரே கட்டியாக வார்க்கப்பட்டிருப்பதால் அதன் நீளம் கண்ணுக்குத் தெரிவதில்லை என்றாலும், அந்தக் குறையை வண்ண நாடா ஈடுசெய்கிறது. உணவுக்குழலுக்குச் சுமார் 25 சென்டிமீட்டர், சிறுகுடலுக்கு 6 மீட்டர், பெருங்குடலுக்கு ஒன்றரை மீட்டர் என்று நாடாவை வகுப்பறையின் குறுக்கே விரித்துப் பிடிக்கும்போது, இரைப்பையே செரிமானத்தின் முதன்மை இடம் என்ற எண்ணம் ஆட்டம் காண்கிறது. உயிருள்ள உடலில் தசைகளின் இறுக்கத்தால் சிறுகுடல் இதைவிடக் குறுகியே இருக்கும் என்ற குறிப்பையும் நாடாவின் உறையில் போட்டிருக்கிறார்கள். இத்தகைய கவனம் பெட்டி முழுவதும் இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பேன்.

என் முதன்மையான குறை குடலுறிஞ்சி மாதிரியில் தொடங்குகிறது. விரல்போன்ற நீட்சியின் உள்ளே சிவப்பு, நீல நுண்குழாய்களும், நடுவில் மஞ்சள் நிற நிணநீர்க் குழலும் தெளிவாக உள்ளன. சர்க்கரையும் அமினோ அமிலங்களும் இரத்தத்துக்குள் போகின்றன, கொழுப்பில் பெரும்பகுதி நிணநீர் வழியாகச் சுற்றிச் சென்று பின்னரே இரத்தத்தை அடைகிறது என்ற வேறுபாட்டைக் காட்ட இது போதுமானது. ஆனால் அந்த நீலக் குழாய் மாதிரியின் அடிப்பலகையோடு வெட்டுண்டு நின்றுவிடுகிறது. முழு மண்டல மாதிரியிலோ கல்லீரல் போர்ட்டல் சிரை என்பதே இல்லை. குடலிலிருந்து புறப்படும் இரத்தம் நேராக இதயத்துக்குப் போகாமல் முதலில் கல்லீரலுக்குப் போகிறது என்பது செரிமானப் பாடத்துக்கும் ஆற்றல் பாடத்துக்கும் இடையில் உள்ள ஒரே கதவு. உண்டு முடித்த வேளையில் பெருகி வரும் குளுக்கோஸில் ஒரு பங்கைக் கல்லீரல் பிடித்து, குளுக்கோஸின் சேமிப்பு வடிவமான கிளைக்கோஜனாகச் சேமித்து, உண்ணாத வேளையில் திரும்ப விடுவதற்கும் அந்த இடமே காரணம். கல்லீரலுக்குப் பித்தநாளத்தை மட்டும் வரைந்து போர்ட்டல் சிரையை விட்டுவிட்டால், மாணவருக்குக் கல்லீரல் வெறும் பித்தநீர்த் தொட்டியாகவே நின்றுவிடும்.

பெட்டியோடு வரும் சுவர்ப்படத்தைப் பற்றி இரண்டு திருத்தங்கள். குடலின் உட்பரப்பு ஒரு டென்னிஸ் மைதானத்துக்குச் சமம் என்று அதில் பெரிய எழுத்தில் இருக்கிறது. பல பாடநூல்களிலும் காணப்படும் இந்த ஒப்பீட்டை 2014இல் ஹெலாண்டர், ஃபான்ட்ரிக்ஸ் ஆகிய இரு ஆய்வாளர்கள் நுண்ணோக்கி அளவீடுகளைக் கொண்டு மறுபரிசீலனை செய்து, உண்மைப் பரப்பு ஏறத்தாழ 30 சதுர மீட்டர்தான் என்று காட்டினார்கள். அதுவும் மனிதத் தோலின் பரப்பைப்போலப் பல மடங்கு என்பதால், மிகைப்படுத்தாமலேயே வியக்க இடமிருக்கிறது. இரண்டாவதாக, நீரை உறிஞ்சுவது பெருங்குடலின் வேலை என்று படம் மொட்டையாகச் சொல்கிறது. நாளொன்றுக்கு உணவு, பானம், உமிழ்நீர், இரைப்பைநீர், கணையநீர், பித்தநீர், குடல்நீர் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 9 லிட்டர் திரவம் குடலுக்குள் வருகிறது. அதில் பெரும்பகுதியைச் சிறுகுடலே திரும்ப எடுத்துக்கொள்கிறது, எஞ்சியதைத்தான் பெருங்குடல் கவனிக்கிறது. பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்கள் நார்ச்சத்தின் ஒரு பகுதியை நொதிக்கச்செய்து சிறிய கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன என்பதையும், உடல் அவற்றிலிருந்தும் ஓரளவு ஆற்றல் பெறுகிறது என்பதையும் படம் குறிப்பிடவே இல்லை.

இனி ஆற்றல் பகுதி. இங்கே பெட்டியின் தரம் சட்டென இறங்குகிறது. கலோரிமானி என்ற பெயரில் இருப்பது மெல்லிய உலோகக் கிண்ணம், ஊசி பொருத்திய தக்கை, வெப்பநிலைமானி, காற்றைத் தடுக்கும் தகடு ஆகியவை. எரியும் வித்தின் வெப்பத்தைக் கிண்ணத்து நீர் ஏற்பதை அளந்து, நீரின் நிறை, வெப்பநிலை உயர்வு, 4.2 என்ற மாறிலி (ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான ஜூல்) ஆகியவற்றைப் பெருக்கி ஆற்றலைக் கணக்கிடுவது பழகிய முறைதான். 20 மில்லிலிட்டர் நீர் எடுக்கச் சொல்லும் அட்டைதான் சிக்கல். அரை கிராம் நிலக்கடலையில் ஏறத்தாழ 12 கிலோஜூல் ஆற்றல் இருக்கிறது. அதில் பாதியை நீர் ஏற்றாலே 20 மில்லிலிட்டர் நீரின் வெப்பநிலை 70 டிகிரிக்கும் மேல் உயரும். நீர் கொதிக்கத் தொடங்கியதும் ஆற்றல் ஆவியோடு போய்விடும், கணக்கு பொய்த்துவிடும். 100 மில்லிலிட்டர் எடுத்தால் அதே அளவு ஆற்றலுக்கு வெப்பநிலை சுமார் 14 டிகிரி உயரும். அளப்பதற்கும் அதுவே உகந்தது. நிலக்கடலை ஒவ்வாமை உள்ள மாணவர்கள் வகுப்பில் இருக்கலாம் என்ற எச்சரிக்கை அட்டையில் எங்குமே இல்லை. எண்ணெய்ச்சத்துள்ள வேறொரு வித்தைப் பயன்படுத்தலாம் என்று ஒரு வரி எழுதுவதற்கு என்ன தடை என்று தெரியவில்லை. இது வேறு எந்தக் குறையையும்விட அவசரமாகத் திருத்தப்பட வேண்டியது.

கிடைக்கும் விடை உணவுப் பொதியில் அச்சிட்டிருக்கும் மதிப்பைவிட எப்போதும் குறைவாகவே இருக்கும். அது சோதனையின் தோல்வியன்று. வெப்பம் எங்கெங்கே தப்பியது என்று விவாதிப்பதற்கான வாய்ப்பு. உறை மதிப்புகள் எப்படிக் கிடைத்தன என்பதையும் கையேடு விளக்கியிருக்க வேண்டும். மூடிய கலத்தில் முழுவதுமாக எரித்தால் ஒரு கிராம் புரதம் சுமார் 5.65 கிலோகலோரி தருகிறது. உடலுக்குக் கிடைப்பதோ சுமார் 4தான், ஏனெனில் புரதத்தின் நைட்ரஜனை உடல் எரிப்பதில்லை, யூரியாவாக்கிச் சிறுநீரில் அனுப்பிவிடுகிறது, அதோடு ஒரு பகுதி ஆற்றலும் வெளியேறுகிறது. மாவுச்சத்துக்கு 4, கொழுப்புக்கு 9 என்ற எண்களை மனப்பாடம் செய்யும் மாணவர், புரதத்துக்கு மட்டும் எரிகலனும் உடலும் இவ்வளவு வேறுபடுவது ஏன் என்று கேட்கத் தொடங்கினால், செரிமானம், சுவாசம், கழிவுநீக்கம் ஆகிய மூன்று பாடங்களும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. இந்தக் கேள்விக்கான எல்லாப் பொருளும் பெட்டியில் இருக்கிறது; கேள்வி மட்டும் இல்லை.

செல் சுவாச அட்டைகளில் திருத்தப்பட வேண்டியவை பல. ஓர் அட்டை, குளுக்கோஸ் மூலக்கூறு செல்லின் ஆற்றல் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைவதாகக் காட்டுகிறது. உண்மையில் குளுக்கோஸ், அதற்கு வெளியே உள்ள சைட்டோபிளாசத்தில், பைருவேட் என்ற சிறிய மூலக்கூறாக உடைந்த பின்னரே அதன் விளைபொருள் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் செல்கிறது. ஒரு குளுக்கோஸுக்கு 38 ஏடிபி (செல் ஆற்றலை ஏந்திச் செலவிடும் மூலக்கூறு) என்ற பழைய எண்ணே அச்சாகியிருக்கிறது; சவ்வுகளைத் தாண்டுவதற்கான செலவைக் கழித்துப் பார்க்கும் இன்றைய கணக்குகள் 30 முதல் 32 என்கின்றன. இவற்றைவிடக் கவலை தருவது, 'குளுக்கோஸின் பிணைப்புகள் உடையும்போது ஆற்றல் வெளிப்படுகிறது' என்ற வாக்கியம். பிணைப்பை உடைக்க ஆற்றல் செலவிட வேண்டும். கார்பனும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனோடு சேர்ந்து வலிமையான புதிய பிணைப்புகளை உருவாக்கும்போதுதான் நிகர ஆற்றல் கிடைக்கிறது. மூச்சில் எடுக்கும் ஆக்சிஜனுக்கும் உண்ட உணவுக்கும் உள்ள உறவு இந்த ஒரு வாக்கியத்தில் அறுந்துவிடுகிறது. உணவைச் செரிக்கும்போதே ஆற்றல் கிடைத்துவிடுகிறது என்ற தவறான புரிதலை அட்டை மேலும் உறுதிப்படுத்துகிறது; குடலில் நடப்பது பெரிய மூலக்கூறைச் சிறியதாக்கும் வேலை மட்டுமே, உடலுக்குப் பயன்படும் ஆற்றல் செல்லுக்குள்தான் பெறப்படுகிறது.

ஆற்றலின் பயன்பாட்டைக் காட்டும் அட்டையில் ஓடும் சிறுவன், மிதிவண்டி ஓட்டும் சிறுமி, பந்து விளையாடும் கூட்டம் ஆகிய மூன்று படங்கள் மட்டுமே உள்ளன. பெரும்பாலானோரின் அன்றாட ஆற்றல் செலவில் ஏறத்தாழ 60 முதல் 70 விழுக்காடு உடல் ஓய்வில் இருக்கும்போதே ஆகிறது. உடல் எடையில் 2 விழுக்காடே உள்ள மூளை ஓய்வுநிலை ஆற்றலில் சுமார் 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. தூங்கும் மனிதரின் படத்தை அந்த அட்டையில் சேர்த்து, 'இவர் எதற்காக ஆற்றல் செலவிடுகிறார்?' என்று கேட்டிருந்தால், இதயத் துடிப்பு, மூச்சு, உடல் வெப்பம், செல்களின் அயனிப் பம்புகள், புதிய புரதங்களின் ஆக்கம் எல்லாவற்றையும் மாணவர்களே ஒவ்வொன்றாகச் சொல்லியிருப்பார்கள்.

பெட்டியில் இல்லாததும், இருந்தே ஆக வேண்டியதுமான ஒன்று இரத்தச் சர்க்கரை பற்றிய செயல்பாடு. சராசரி எடையுள்ள ஒருவரின் முழு இரத்தத்திலும் கரைந்திருக்கும் குளுக்கோஸ் ஏறத்தாழ 4 கிராம் மட்டுமே. ஒரு வேளை உணவிலிருந்து அதைப்போலப் பல மடங்கு குளுக்கோஸ் உள்ளே வருகிறது. ஆனாலும் இரத்தத்தின் அளவு குறுகிய எல்லைக்குள் நிற்கிறது. ஒவ்வொரு மணியும் ஒரு கிராம் என்று கொண்டு, இரத்தம் என்று எழுதிய கிண்ணத்தில் 4 மணிகளும், கல்லீரல் என்று எழுதியதில் 100 மணிகள் வரையும், தசை என்று எழுதியதில் இன்னும் கூடுதலாகவும் வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் உணவு வருவதை நடத்த, ஒருவர் இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் இன்சுலினாகவும் இன்னொருவர் அதைக் கூட்டும் குளுக்ககானாகவும் இருந்து, இரத்தக் கிண்ணத்தை ஏறத்தாழ அதே அளவில் வைத்திருக்க முயல வேண்டும். தசையின் மணிகள் தசைக்குள்ளேயே செலவாக வேண்டும், இரத்தத்துக்குத் திரும்பக் கூடாது என்ற விதியையும் சேர்த்தால், கல்லீரலின் தனிச்சிறப்பு மாணவர்களுக்கு வலிந்து கற்பிக்காமலேயே விளங்குகிறது. சாதாரண மணிகளைக் கொண்டு எந்த ஆசிரியரும் இதை நடத்தலாம். ஆயினும் முழுமையான தொகுப்பு என்று சொல்லி விற்கப்படும் பெட்டியில் இது இல்லாதது பெரிய இடைவெளி.

கையேட்டின் பாட வரிசை வாயில் தொடங்கி மலவாயில் முடிகிறது. சுண்ணாம்புநீர்ச் சோதனை பிற்சேர்க்கையாகக் கடைசியில் வருகிறது. அதைத் தலைகீழாக்கி நடத்துமாறு பிற ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். முதல் வகுப்பிலேயே மாணவர்கள் குழாய் வழியாகச் சுண்ணாம்புநீருக்குள் மெதுவாக ஊதட்டும். உள்ளிழுக்கும் காற்றில் 0.04 விழுக்காடு அளவே இருக்கும் கார்பன் டைஆக்சைடு, வெளிவிடும் காற்றில் சுமார் 4 விழுக்காடாக உயர்ந்து நீரைப் பால்போல் ஆக்குகிறது. இந்தக் கார்பன் எங்கிருந்து வந்தது என்று கேட்டுவிட்டு, விடையைத் தேடி இரத்தத்துக்கும், குடலுக்கும், வாய்க்கும் பின்னோக்கிச் சென்றால், செரிமானத்தின் ஒவ்வொரு படியும் ஏதோ ஒரு தேவைக்கு விடையாக வருகிறது. 1782–83 குளிர்காலத்தில் பிரெஞ்சு அறிவியலாளர்களான லவாய்சியரும் லாப்லாஸும் கினிப்பன்றி ஒன்றைப் பனிக்கட்டிக் கலோரிமானிக்குள் வைத்து, அது உருக்கிய பனிக்கட்டியையும் அது வெளிவிட்ட வாயுவையும் ஒப்பிட்டுச் சுவாசம் ஒருவகை மெதுவான எரிதல் என்று கண்ட கதையை, பெட்டியிலுள்ள கலோரிமானியோடும் சுண்ணாம்புநீரோடும் இணைத்துச் சொல்லலாம். உயர்வகுப்புகளில், 2014இல் மீர்மன், பிரவுன் ஆகியோர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்ட கணக்கையும் கொடுக்கலாம். 10 கிலோகிராம் கொழுப்பு உடலில் முழுவதும் பயன்படுத்தப்பட்டால் 8.4 கிலோகிராம் கார்பன் டைஆக்சைடாக மூச்சில் போகிறது, 1.6 கிலோகிராம் நீராகிறது. 'கொழுப்பு ஆற்றலாக மாறி மறைந்துவிட்டது' என்ற பதிலைக் கேட்டுச் சலித்த ஆசிரியருக்கு இந்த இரண்டு எண்களும் பெருந்துணை.

பொருள்களின் உழைப்பைப் பற்றிச் சிறிது. மாதிரிகளின் வண்ணம் உரியவில்லை. கல்லீரலைப் பொருத்தும் காந்தம் உறுதியாக இருக்கிறது. இரைப்பையின் கீல் மட்டும் தளர்ந்துவிட்டது. நொதித் தூள்களைக் குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். ஈரம் பட்டால் அவை செயலிழந்து, மாணவர்கள் ஒன்றுமே நிகழாத குழாய்களை வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்க நேரும். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் ஆசிரியர் முன்கூட்டியே ஒரு குழாயில் சோதித்துப் பார்ப்பது அவசியம். பையூரெட் கரைசலில் வலிமையான காரம் இருப்பதால் கண் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். அதைப் பெட்டியோடு தராதது குறையே. நொதிகளும் சவ்வுக் குழாயும் தனியாக நிரப்புப் பொதியாகக் கிடைக்குமா என்று வாங்கும் முன்பே எழுத்துவடிவில் கேட்டுக்கொள்வது நல்லது, ஏனெனில் அவை தீர்ந்துவிட்டால் பெட்டியின் சிறந்த பாதியும் அவற்றோடு தீர்ந்துவிடும்.

நொதிகளையும் உணவுச் சோதனைகளையும் மட்டும் கற்பிக்க வேண்டிய கீழ்வகுப்புகளுக்கு இந்தப் பெட்டியைத் தயங்காமல் வாங்கலாம். மேல்நிலை வகுப்புக்கு வாங்குவோர் சுவாச அட்டைகளை ஒதுக்கிவைத்துத் தாமே புதிதாக எழுதிக்கொள்ள நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும்; அந்த நேரம் இல்லாதவர்கள் நொதிகள், கரைசல்கள், சவ்வுக் குழாய் ஆகியவற்றைத் தனித்தனியாக வாங்கிக்கொள்வதே சிக்கனம். தயாரிப்பாளர்களிடம் நான் எழுதிக் கேட்டிருப்பது இவைதாம்: நிலக்கடலை எச்சரிக்கையை உடனே சேருங்கள், அமைலேஸின் மூலத்தைக் குப்பியில் அச்சிடுங்கள், சுவாச அட்டைகளை மாற்றுங்கள், அடுத்த வார்ப்பில் குடலுறிஞ்சியின் நீலக் குழாயைக் கல்லீரல் வரை கொண்டுசெல்லுங்கள்.